செங்குத்துக் கோடு, இரட்டைப் படம், ஆடும் தரை: எமுலேட்டரில் படக்கோளாறு பார்த்த அனுபவம்

பழைய ஆபீஸ் லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. திரை 1366×768, ரேம் 8 ஜிபி. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, பிராசசரோடு ஒட்டி வருவதுதான். இதில் பிளேஸ்டேஷன் 1, 2 விளையாட்டுகளை ஓடவிட்டு டிவியில் காட்டுவது என்று திட்டம். அதற்குப் பழைய மெஷினைப் போல நடிக்கும் மென்பொருள், அதாவது எமுலேட்டர் வேண்டும். பிஎஸ்1-க்கு டக்ஸ்டேஷன், பிஎஸ்2-க்கு பிசிஎஸ்எக்ஸ்2. டிஸ்க்குகள் என்னிடம் இருந்தவை. டிவிடி டிரைவில் போட்டு இமேஜ், அதாவது டிஸ்க்கின் முழு நகல் கோப்பு எடுத்தேன். மெஷினைக் கிளப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸும் என் பழைய மெஷின்களிலிருந்து எடுத்ததே. செட்டிங்ஸை முதலிலிருந்து போடச் சோம்பல்பட்டு, ஏற்கெனவே பிசிஎஸ்எக்ஸ்2 வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் செட்டிங்ஸ் ஃபோல்டரை அப்படியே வாங்கிப் போட்டேன். இந்த ஃபோல்டர் பின்னால் மறுபடி வரும்.

விளையாட்டுகள் ஓடின. வேகம் சரி, சத்தம் சரி. படத்தில்தான் தகராறு. டெக்கன் 5-இல் திரை முழுக்க மெல்லிய செங்குத்துக் கோடுகள். சான் ஆண்ட்ரியாஸ் விளையாட்டில் விளக்குக் கம்பம், கார், ஆள் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தன. பிஎஸ்1 பக்கம் போனால் தரை நெளிந்தது, சுவர் ஓரங்கள் நடுங்கின. இன்றைய விளையாட்டுகளில் வளர்ந்த அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மாமா, கிராபிக்ஸ் சிப் போச்சா?" என்று கேட்டான்.

இந்த மாதிரி நேரத்தில் இணையத்தில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் செட்டிங்ஸ் பட்டியல்தான். இதை ஆன் செய், அதை 4-இல் வை, எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். சில நேரம் சரியாகவும் ஆகிவிடும், ஏன் என்று மட்டும் தெரியாது. அடுத்த விளையாட்டில் அதே செட்டிங் வேறு ஒன்றைக் கெடுக்கும். அதனால் எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன்னால் கோளாறு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் வழக்கம். அந்தக் காலத்து மெஷினே அப்படித்தான் வரைந்ததா? எமுலேட்டர் படத்தைப் பெரிதாக்கும்போது வந்ததா? கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளா, டிவியா? அல்லது டிஸ்க் இமேஜே கெட்டதா?

இதைப் பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பிசிஎஸ்எக்ஸ்2-இல் எஃப்9 விசையை அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு அப்படியே ஹார்டுவேர் ரெண்டரரிலிருந்து சாஃப்ட்வேர் ரெண்டரருக்கு மாறும். ஹார்டுவேர் ரெண்டரர் என்றால் வரையும் வேலையை கிராபிக்ஸ் சிப் செய்கிறது. படத்தை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கூர்மையாக்கலாம். சாஃப்ட்வேர் ரெண்டரரில் பிராசசரே ஒவ்வொரு பிக்சலாகக் கணக்குப் போட்டு, பழைய மெஷின் வரைந்த அதே அளவில் வரைகிறது. படம் மங்கலாக, பல் பல்லாக இருக்கும், வேகமும் குறையலாம். ஆனால் அசல் மெஷினுக்கு மிக நெருக்கமாக இருப்பது அதுதான். டக்ஸ்டேஷனிலும் இதே மாற்றத்துக்கு ஹாட்கீ பக்கத்தில் ஒரு விசை ஒதுக்கிக்கொள்ளலாம்.

சாஃப்ட்வேரிலும் கோளாறு தெரிந்தால் மெஷினின் இயல்பு அல்லது கெட்ட டிஸ்க். ஹார்டுவேரில் மட்டும் தெரிந்தால் பெரிதாக்குவதன் விளைவு அல்லது டிரைவர். இவ்வளவு தெரிந்தாலே பாதித் தேடல் முடிந்தது.

கோளாறு தெரியும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சேவ் ஸ்டேட் (அந்த நொடியின் மெஷின் நிலையை அப்படியே சேமிப்பது) போட்டுக்கொண்டால் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: சேவ் ஸ்டேட்டில் பிஎஸ்2-இன் 4 எம்பி வீடியோ நினைவகமும் சேர்ந்தே பதிவாகிறது. கெட்டுப்போன டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படம்) அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால், நீங்கள் எந்த செட்டிங்கை மாற்றினாலும் கெட்ட படமே வரும். ஒரு கதவைத் தாண்டிப் போயோ, மெயின் மெனுவுக்குப் போய்த் திரும்பியோ, விளையாட்டு அந்தப் படங்களை மறுபடி லோட் செய்யும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எமுலேட்டரின் புது பதிப்பு வந்ததும் பழைய சேவ் ஸ்டேட் திறக்காமலும் போகலாம். முக்கியமான இடத்தை மெமரி கார்டிலும் சேமித்து வைப்பது நல்லது.

டெக்கனும் சான் ஆண்ட்ரியாஸும்

டெக்கன் 5-இல் சண்டை ஆரம்பித்ததும் எஃப்9. கோடுகள் மறைந்தன. மறுபடி எஃப்9. கோடுகள் வந்தன. ஹார்டுவேரிலேயே ரெசல்யூஷனை நேட்டிவுக்கு, அதாவது பிஎஸ்2-இன் சொந்த அளவுக்கு இறக்கினேன். அங்கேயும் கோடு இல்லை. 2 மடங்கில் வைத்தவுடன் ஆஜர். ஆக, டிரைவர் மேல் சந்தேகம் வேண்டாம், பெரிதாக்குவதில்தான் பிரச்சினை.

பெரிதாக்கினால் ஏன் கோடு வர வேண்டும்? பிஎஸ்2-இன் வரையும் சிப்புக்கு கிராபிக்ஸ் சிந்தசைசர் என்று பெயர். அதன் நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டது. 32 பிட் நிறத்தில் ஒரு பக்கம் என்பது 64×32 பிக்சல். முழுத்திரைக்கும் ஒரு பளபளப்போ மங்கலோ போட வேண்டுமென்றால், திரை அகலத்துக்கு ஒரே செவ்வகமாக வரைவதைவிட, நினைவகப் பக்கத்துக்கு ஏற்ற மாதிரி ஒல்லியான செங்குத்துப் பட்டைகளாக வரைவது அந்தச் சிப்பில் வேகமானது. அதனால் பல விளையாட்டுகள் முழுத்திரை வேலைகளைப் பட்டை பட்டையாகவே செய்தன. 640 பிக்சல் அகலத்தில் பட்டைகளின் ஓரங்கள் மிகச்சரியாக ஒன்றோடொன்று பொருந்தின. அந்த அளவுக்குத்தான் கணக்கு போட்டிருந்தார்கள்.

நாம் அதையே இரண்டு மடங்காக்கும்போது இரண்டு பழைய பிக்சல்களுக்கு இடையில் புதிய பிக்சல்கள் வருகின்றன. பட்டையின் ஓரத்தில் இருக்கும் புதிய பிக்சல் இந்தப் பட்டையைச் சேர்ந்ததா, அடுத்ததைச் சேர்ந்ததா என்பதற்குப் பழைய கணக்கில் விடை கிடையாது. சில இடத்தில் இரண்டு முறை வரையப்படும், சில இடத்தில் வரையப்படாமலே போகும். பட்டைக்கு ஒரு கோடு மிஞ்சும்.

பிசிஎஸ்எக்ஸ்2-இல் இதற்கென்றே 'அலைன் ஸ்பிரைட்' என்று ஒரு திருத்தம் உண்டு. அதன் விளக்கத்திலேயே ஏஸ் காம்பேட், டெக்கன், சோல் காலிபர் போன்ற நாம்கோ விளையாட்டுகளில் வரும் செங்குத்துக் கோடுகளுக்கு என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குப் புரியாதது வேறு. இவ்வளவு பிரபலமான கோளாறென்றால் எமுலேட்டர் தானாகவே சரிசெய்திருக்க வேண்டுமே? பிசிஎஸ்எக்ஸ்2-உடன் ஒரு விளையாட்டுத் தரவுத்தளம் வருகிறது. எந்த டிஸ்க்குக்கு எந்தத் திருத்தம் என்று அதில் எழுதி வைத்திருப்பார்கள். விளையாட்டைத் திறந்ததும் அது தானாகச் செயல்பட வேண்டும். என் கம்ப்யூட்டரில் செயல்படவில்லை.

நண்பரின் ஃபோல்டரைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. 'மேனுவல் ஹார்டுவேர் ரெண்டரர் ஃபிக்ஸஸ்' என்ற பெட்டி எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக டிக் செய்யப்பட்டிருந்தது. பெயரைப் பார்த்தால் கூடுதலாகச் சில வசதிகளைத் திறந்துவிடும் பெட்டி என்றுதான் தோன்றும். ஆனால் அதை டிக் செய்த நிமிடமே, தரவுத்தளத்திலிருந்து வரும் தானியங்கித் திருத்தங்கள் எல்லாம் நின்றுவிடும். இனி நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். நண்பர் என்றோ ஒரு விளையாட்டுக்காக அதை டிக் செய்திருக்கிறார். அவர் ஆடுவது அந்த ஒன்றுதான் என்பதால் மற்றவை கெட்டது அவருக்குத் தெரியவே இல்லை.

டிக்கை எடுத்தேன். டெக்கன் 5-இன் கோடுகள் போயின. வேறு எதையும் தொடவில்லை.

சான் ஆண்ட்ரியாஸிலும் இரட்டைப் படம் பெருமளவு அடங்கியது. ஆனால் முழுக்கப் போகவில்லை. மாலை வெயில் நேரத்தில் ஓரங்களில் ஒரு கசிவு மிச்சம் இருந்தது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

இரட்டைப் படத்தின் பொதுவான காரணம் இது. வரைந்து முடித்த காட்சியை விளையாட்டு ஒரு சின்னப் படமாக நகல் எடுக்கும், அதை மங்கலாக்கும், பிறகு அசல் காட்சியின் மேல் அரைகுறை ஒளிபுகும் தாளாக விரிக்கும். வெளிச்சமான இடங்கள் ஒளிர்வது இப்படித்தான். பிஎஸ்2 சிப் ஒரு பிக்சலைப் பதினாறு கூறாகப் பிரித்து இடக்கணக்கு வைக்கும். நகலும் அசலும் பிசகாமல் பொருந்துவதற்காகப் பல விளையாட்டுகள் நகலை அரை பிக்சல், அதாவது எட்டுக் கூறு தள்ளி வைத்தன. அசல் அளவில் அந்தத் தள்ளல் சரியாகச் சமன் ஆகிவிடும். மூன்று மடங்காக்கினால் அதே அரை பிக்சல் ஒன்றரை பிக்சலாகிவிடுகிறது. சிறிதாக்கிப் பெரிதாக்கும் படி ஒவ்வொன்றிலும் இது சேர்ந்துகொண்டே போனால், ஒளிர்வு பொருளை விட்டு விலகி மூலையை நோக்கி நகர்ந்து நிற்கும். இதற்கான திருத்தம்தான் 'ஹாஃப் பிக்சல் ஆஃப்செட்'. நார்மல், ஸ்பெஷல், அலைன் டு நேட்டிவ் என்று பல வகை அதில் உண்டு. எது பொருந்தும் என்பது அந்த விளையாட்டு எப்படி நகல் எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. எல்லா விளையாட்டுக்கும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மிஞ்சிய கசிவுக்கு எஃப்9 அழுத்திப் பார்த்தேன். சாஃப்ட்வேர் ரெண்டரரிலும் இருந்தது. அப்படியென்றால் அது கோளாறே அல்ல. 2004-இல் வந்த பிஎஸ்2 பதிப்பில் திரை முழுக்க ஒரு நிற வடிகட்டியும், காட்சியைச் சற்றே கசியவிடும் ஒளிப்பூச்சும் வேண்டுமென்றே போட்டிருந்தார்கள். அந்த ஆரஞ்சுப் புழுதி வெயில் அதிலிருந்து வருவதுதான். கம்ப்யூட்டர் பதிப்பில் இது குறைந்துபோனதென்று இன்றும் குறைபடுகிறவர்கள் உண்டு. அதை நீக்கினால் படம் கூர்மையாகும், வெயில் போய்விடும். விட்டுவிட்டேன்.

இன்னொரு சின்ன விஷயம், பிளெண்டிங், அதாவது ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றைக் கலப்பது. பிஎஸ்2-இல் ஒளிபுகும் அளவு 128 என்றால் முழு அளவு. 255 வரை போகலாம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் சிப்பின் சாதாரணக் கலவை முறையில் ஒன்றுக்கு மேல் போக முடியாது. அதனால் மிகப் பிரகாசமான வெளிச்சமும் சில நிழல்களும் தப்பாக வரும். பிளெண்டிங் அக்யூரசியை ஏற்றினால் சரியாகும், ஆனால் ஏற்கெனவே வரைந்த பிக்சலைத் திரும்பப் படித்துக் கணக்குப் போட வேண்டியிருப்பதால் என் லேப்டாப் போன்றவற்றுக்குப் பெரிய சுமை. பேசிக்கிலேயே வைத்துவிட்டு, கண்ணுக்கு உறுத்தும் விளையாட்டில் மட்டும் ஒரு படி ஏற்றுகிறேன்.

மெனு எழுத்துகள் மேலும் கீழும் நடுங்கினால் அது இன்டர்லேஸ் சமாச்சாரம். 448 வரிகளைப் பாதிப் பாதியாக மாற்றி மாற்றி டிவிக்கு அனுப்பிய காலம் அது. எஃப்5 அழுத்தி அந்தப் பாதிகளைச் சேர்க்கும் டீஇன்டர்லேஸ் முறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஏதாவது ஒன்று பொருந்தும். பெரும்பாலும் தானியங்கியே போதும்.

தரை ஏன் ஆடுகிறது

இனி அக்கா மகனின் புகார். பிஎஸ்1 விளையாட்டில் நடந்துகொண்டே தரையைப் பார்த்தால் ஓடுகளின் கோடுகள் வளைந்து நெளிகின்றன. கேமரா மெதுவாக நகரும்போது தூரத்துக் கட்டடங்கள் நடுங்குகின்றன. சாஃப்ட்வேர் ரெண்டரருக்கு மாற்றினேன். நடுக்கம் குறையவில்லை, இன்னும் அதிகமாகத் தெரிந்தது. 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த அந்தப் பெட்டியின் பிறவிக்குணம் இது. டிவி சின்னதாக, மங்கலாக இருந்ததால் நாம் அப்போது கவனிக்கவில்லை.

நடுக்கமும் நெளிவும் வெவ்வேறு காரணத்தால் வருபவை. பிஎஸ்1-இல் முப்பரிமாணக் கணக்கைப் போடுவது ஜிடிஇ என்ற துணைப் பகுதி. ஒரு முக்கோணத்தின் மூலை திரையில் எங்கே விழுகிறது என்று கணக்கிட்டு அது முழு எண்ணாகவே விடை தரும். 100.4 என்று வந்தாலும் 100, 100.9 என்றாலும் 100. ஒரு பொருள் மெதுவாக நகரும்போது அதன் மூலைகள் ஒரு பிக்சலிலிருந்து அடுத்ததற்குக் குதிக்கின்றன. ஒவ்வொரு மூலையும் வெவ்வேறு நேரத்தில் குதிக்கிறது. அதுதான் நடுக்கம். எமுலேட்டரில் ரெசல்யூஷனை 4 மடங்காக்கினால் இது குணமாகாது. கூர்மையான ஓரத்தோடு நான்கு பிக்சல் குதிக்கும்.

நெளிவுக்குக் காரணம், வரையும் சிப்புக்கு ஆழம் என்றால் என்னவென்றே தெரியாது. ஜிடிஇ கணக்குப் போட்டதும் ஆழம் அங்கேயே நின்றுவிடுகிறது. திரையில் இடம், நிறம், டெக்ஸ்சரில் இடம் இவ்வளவுதான் அந்தப் பக்கம் போகின்றன. அதனால் டெக்ஸ்சரைத் தட்டையாக இழுத்து ஒட்டுகிறது. பக்கத்தில் வரும் பெரிய தரை முக்கோணத்தில் இந்த இழுப்பு நன்றாகத் தெரியும். கேமராவுக்கு அருகில் வரும்போது பெரிய முக்கோணங்களைச் சின்னச் சின்னதாகப் பிரித்து இதைச் சமாளித்தார்கள்.

ஆழம் தெரியாததால் எது முன்னால், எது பின்னால் என்பதையும் சிப் தீர்மானிக்க முடியாது. தூரத்திலிருப்பதை முதலில், பக்கத்திலிருப்பதைக் கடைசியில் என்று விளையாட்டே வரிசைப்படுத்திக் கொடுக்கும். சுவரில் போஸ்டர் ஒட்டுகிற மாதிரி. கடைசியில் ஒட்டியவர் படம்தான் தெரியும். வரிசை சற்றே பிசகினால் சுவருக்குப் பின்னாலிருக்கும் ஆளின் கை சுவருக்கு முன்னால் தெரியும். இதுவும் எமுலேட்டர் தவறல்ல.

டக்ஸ்டேஷனில் இதற்கெல்லாம் மருந்து பிஜிஎக்ஸ்பி. ஜிடிஇ வெட்டி எறிந்த தசமப் பகுதியையும் ஆழத்தையும் எமுலேட்டர் தன் பக்கத்தில் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். அந்த எண் நினைவகத்தில் எங்கெல்லாம் நகர்த்தப்படுகிறதோ அங்கெல்லாம் பின்தொடரும். கடைசியில் வரையும் சிப்புக்குப் போகும்போது முழு எண்ணுக்குப் பதிலாகத் துல்லியமான எண்ணைக் கொடுத்துவிடும். ஆன் செய்தேன். தரை அடங்கியது. பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ஒரு விளையாட்டில் மட்டும் புதுக் கோளாறு முளைத்தது. சுவர்கள் சேரும் இடங்களில் ஊசி மாதிரி வெள்ளைப் புள்ளிகள் மின்னின. ஒரு கதாபாத்திரத்தின் தோள் அவ்வப்போது வெடுக்கென்று இழுபட்டது. சாஃப்ட்வேருக்கு மாற்றினால் இரண்டும் இல்லை. பின்தொடர்வது எங்கோ அறுந்துபோகிறது என்று பொருள். விளையாட்டு அந்த எண்ணை வெறுமனே நகர்த்தாமல், கூட்டல் கழித்தல் ஏதாவது செய்து மாற்றினால், இது அந்தப் பழைய எண்தான் என்று எமுலேட்டரால் கண்டுகொள்ள முடியாது. அந்த மூலை மட்டும் பழையபடி முழு எண்ணில் நிற்கும். பக்கத்து முக்கோணத்தின் அதே மூலை தசமத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிக்சல் இடைவெளி, அதன் வழியாகப் பின்னணி எட்டிப் பார்க்கும்.

பிஜிஎக்ஸ்பி-யின் சிபியு மோட், பிராசசர் செய்யும் கணக்குகளையும் சேர்த்துப் பின்தொடரும். வேகத்தைத் தின்னும், ஆனால் அந்த விளையாட்டில் புள்ளிகள் போயின. அதே பக்கத்தில் வெர்டெக்ஸ் கேஷ், டெப்த் பஃபர் என்று இன்னும் இரண்டு கவர்ச்சியான பெயர்கள் இருக்கின்றன. முதலாவது, தொடர்பு அறுந்த மூலைகளைத் திரையில் அவை விழும் இடத்தை வைத்து ஊகிக்கிறது. ஊகம் தவறினால் முக்கோணம் எங்கேயோ பறக்கும். இரண்டாவது போஸ்டர் வரிசையை மீறி ஆழத்தின்படி வரையப் பார்க்கிறது. ஆனால் பல விளையாட்டுகள் அந்த வரிசையை நம்பியே தந்திரங்கள் செய்திருப்பதால், நிழலும் வானமும் காணாமல் போகும். இரண்டையும் மூடியே வைக்கச் சொல்வேன்.

அகலத்திரை வசதியும் அப்படித்தான். 4:3 திரைக்கு வெளியே இருப்பதை வரையத் தேவையில்லை என்று விளையாட்டு முன்பே தீர்மானித்திருக்கும். 16:9 ஆக்கினால், இரண்டு ஓரங்களிலும் மரங்களும் சுவர்களும் திடீர் திடீரென்று தோன்றி மறையும். டிவியின் இரு பக்கமும் கறுப்பாக இருப்பது எனக்கு உறுத்தவில்லை. அக்கா மகனுக்கு உறுத்துகிறது. இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

எல்லா விளையாட்டிலும் பிஜிஎக்ஸ்பி போடவில்லை. கார் பந்தயத்தில் போட்டேன், சாலை ஆடாமல் இருப்பது ஓட்டுவதற்கே உதவுகிறது. 1999-இல் வந்த சைலன்ட் ஹில்லில் போடவில்லை. அங்கே நிறப் புள்ளிகளைக்கூட விட்டுவைத்தேன். பிஎஸ்1 சிப் 24 பிட் நிறத்தில் கணக்குப் போட்டு 15 பிட்டுக்குச் சுருக்கும். சுருக்கும்போது பட்டை தெரியாமலிருக்க நான்குக்கு நான்கு கட்டத்தில் புள்ளிகளைத் தூவும். பழைய டிவியில் அவை கலந்து மங்கிவிடும், எல்சிடி-யில் கொசகொசவென்று தெரியும். ட்ரூ கலர் போட்டால் புள்ளிகள் போய்விடும். ஆனால் சைலன்ட் ஹில்லின் மூடுபனியிலும் இருட்டிலும் அந்தப் புள்ளிகள் இல்லையென்றால் ஊரே துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

டிரைவர், டிஸ்க், டிவி

ஒரு பிஎஸ்2 விளையாட்டில் கறுப்பு முக்கோணங்கள் கண்ணிமைக்கும் நேரத்துக்கு வந்து போயின. நேட்டிவ் ரெசல்யூஷனிலும் வந்தன, சாஃப்ட்வேரில் வரவில்லை. பெரிதாக்கல் காரணமல்ல என்று அதிலேயே தெரிகிறது. ரெண்டரரை வல்கனிலிருந்து டைரக்ட்3டி 11-க்கு (இரண்டும் கிராபிக்ஸ் சிப்போடு பேசும் வழிகள்) மாற்றினேன், முக்கோணங்கள் நின்றன. ஒரே இடம், ஒரே செட்டிங், வல்கனில் மட்டும் வருகிறது என்றால் முதல் சந்தேகம் டிரைவர் மேல்தான் போக வேண்டும். லேப்டாப் தயாரிப்பாளர் தளத்தில் இருந்த டிரைவர் பல வருடம் பழையது. சிப் தயாரிப்பாளர் தளத்தில் கிடைத்த புதியதைப் போட்டபின் முக்கோணங்கள் அரிதாயின, முற்றிலும் போகவில்லை. பழைய சிப்புக்கு இனி புது டிரைவர் வரப்போவதும் இல்லை. டைரக்ட்3டி 11-லேயே நிறுத்திவிட்டேன்.

டிஸ்க்கால் வந்த கோளாறு சுவாரசியமானது. ஒரு பிஎஸ்1 விளையாட்டின் முன்னோட்ட வீடியோவில் சதுரம் சதுரமாகக் கலர் சிதறியது. எந்த ரெண்டரரில் பார்த்தாலும், எத்தனை முறை பார்த்தாலும், அதே நொடியில், அதே இடத்தில். விளையாட்டுக்குள்ளே எந்தக் குறையும் இல்லை. பிஎஸ்1 வீடியோ 16×16 பிக்சல் சதுரங்களாகச் சுருக்கப்பட்டது.   டிஸ்க்கில் கீறல் விழுந்த இடத்தில் வீடியோ இருந்து, அது தப்பாகப் படிக்கப்பட்டால், அந்தச் சதுரங்கள் சிதறும், மற்ற பகுதிகள் தப்பிக்கும். டிஸ்க்கை சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, குறைந்த வேகத்தில் மறுபடி இமேஜ் எடுத்தேன். சரியான டிஸ்க் நகல்களின் விவரத்தைத் திரட்டும் ரீடம்ப் தொகுப்பிலுள்ள ஹாஷ் எண்ணோடு (கோப்பின் கைரேகை மாதிரி) இப்போது பொருந்தியது. சதுரங்கள் இல்லை. இமேஜ் சரியா என்று பார்க்கும் வசதி டக்ஸ்டேஷன், பிசிஎஸ்எக்ஸ்2 இரண்டிலுமே இருக்கிறது. படக்கோளாறு தேடுவதற்கு முன்னால் அதை ஒரு முறை ஓட்டிவிடுவது நல்லது.

திரைக்கணக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். லேப்டாப் திரையின் உயரம் 768. பிஎஸ்1 பெரும்பாலும் 240 வரி. மூன்று மடங்கு 720, மேலும் கீழும் 24 பிக்சல் விட்டால் எல்லாப் பிக்சலும் ஒரே அளவில் நிற்கும். முழு உயரத்துக்கும் இழுத்தால் சில வரி மூன்று பிக்சல், சில வரி நான்கு. இரு பரிமாண விளையாட்டில் திரை நகரும்போது இது அலை அடிப்பதுபோல் தெரியும். இன்டிஜர் ஸ்கேலிங் ஆன் செய்தால் தீர்ந்தது. பிஎஸ்2-இன் 448 வரியை இரண்டு மடங்காக்கினாலே 896, திரையைவிட அதிகம். அதற்கு மேல் போனால் லேப்டாப்புக்குச் சூடுதான் மிச்சம். 1080 வரி டிவியிலும் என் சிப்புக்கு இரண்டு மடங்கே போதும்.

டிவியில் ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் எமுலேட்டரைத் திட்டாமல், டிவியின் பட அளவு மெனுவில், ஓரத்தை வெட்டும் ஓவர்ஸ்கேனை நிறுத்துங்கள். இங்கே விற்ற டிஸ்க்குகள் பிஏஎல் என்ற டிவி முறைக்கானவை, நொடிக்கு 50 படம். டிவிக்கு 60-இல் அனுப்பினால் ஒவ்வோர் ஐந்தாவது படமும் இருமுறை காட்டப்படும்; பக்கவாட்டில் நகரும் காட்சி சீராக இல்லாமல் தடுக்கித் தடுக்கிப் போகும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்ததும் என் டிவி ஏற்றுக்கொண்டது, தடுக்கல் நின்றது. சில பிஏஎல் பதிப்புகளில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருப்பதும், ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடுவதும் அன்றைக்கு மாற்றம் செய்தவர்கள் விட்ட குறை. அதற்கு செட்டிங் இல்லை.

நின்டெண்டோ 64-ஐயும் சற்றுத் தொட்டுப் பார்த்தேன். அதன் டெக்ஸ்சர் நினைவகம் 4 கிலோபைட்தான். 320 பிக்சல் அகலப் பின்னணிப் படத்தை 16 பிட் நிறத்தில் வரைய வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு 6 வரிக்கு மேல் அதில் கொள்ளாது. 3840 பைட் ஆகிவிடும். படத்தை நறுக்கி நறுக்கித்தான் வரைய வேண்டும். பெரிதாக்கினால் நறுக்கின இடமெல்லாம் கோடு தெரியும், டெக்கன் கதையேதான், இங்கே குறுக்குவாட்டில். கிளைட்என்64 என்ற ரெண்டரரில் இரு பரிமாணப் பகுதிகளை மட்டும் அசல் அளவில் வரையும் வசதி இருக்கிறது. ஆன் செய்ததும் கோடுகள் போயின. அசல் எப்படி இருந்தது என்று ஒப்பிட ஆங்ரிலயன் என்ற சாஃப்ட்வேர் ரெண்டரர் இருக்கிறது. என் லேப்டாப்பில் ஊர்கிறது, ஆனால் ஒரே ஒரு காட்சியை நிறுத்திப் பார்க்க அது போதும். ஒரு விளையாட்டில் மட்டும் நீர்ப்பரப்பின் நிறம் இரண்டிலும் ஒத்துவரவில்லை. வேறு வேகமான கம்ப்யூட்டர் கையில் கிடைத்தால், வல்கனில் ஓடும் பேரலெல்-ஆர்டிபி என்ற இன்னொரு ரெண்டரரில் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது பொது செட்டிங்ஸ் எல்லாம் எமுலேட்டர் தரும் இயல்பு நிலையில்தான் இருக்கின்றன. மாற்றம் எதுவானாலும் அந்தந்த விளையாட்டின் பண்புகள் பக்கத்தில் மட்டும். அவை 'கேம்செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டரில் தனித்தனிக் கோப்பாக விழுகின்றன; டக்ஸ்டேஷனிலும் அதே பெயர். எமுலேட்டரைப் புதுப்பிக்கும்போது அந்த ஃபோல்டரை ஒருமுறை வெளியே எடுத்து வைத்துவிட்டு விளையாட்டை ஓட்டிப் பார்க்கிறேன். புது பதிப்பின் தானியங்கித் திருத்தமே சரியாக இருந்தால் என் கோப்பை அழித்துவிடுகிறேன். நண்பரிடமும் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். தன் விளையாட்டு நன்றாகத்தான் ஓடுகிறது, தொட மாட்டேன் என்றார்.